இருட்டறை போய்த் திரை வந்த பிறகு: எக்ஸ்ரே பிரிவில் என்ன நடக்கிறது?

எக்ஸ்ரே பிரிவுக்குப் புது மெஷின் வந்தால் நாடா வெட்டுவார்கள், படம் பிடிப்பார்கள், முகநூலில் போடுவார்கள். ஆனால் அந்தப் பிரிவில் நடந்த மிகப் பெரிய மாற்றத்துக்கு யாரும் நாடா வெட்டவில்லை. முன்பெல்லாம் எக்ஸ்ரே அறையை ஒட்டி, சிவப்பு பல்ப் எரிகிற ஒரு சின்ன இருட்டறை இருக்கும். பிலிம் கழுவுகிற இடம் அது. இன்றைக்கு அந்த அறைக்கு வேலை இல்லை. அது ஏன் மூடப்பட்டது என்று விளங்கிக்கொண்டால், மட்டக்களப்பிலோ அம்பாறையிலோ எந்த வைத்தியசாலைக்குப் போனாலும், “தாடையைத் தூக்குங்க, மூச்சை இழுத்துப் பிடிங்க, மாலையைக் கழற்றுங்க” என்று சொல்வதெல்லாம் எதற்கு என்பதும் விளங்கிவிடும்.

எக்ஸ்ரே என்பது நிழல். உவமைக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே நிழல்தான். 1895 நவம்பர் 8ஆம் திகதி ஜேர்மனியில் ரொண்ட்ஜன் கண்ட அதே கதிர்தான் இன்றைக்கும் வேலை செய்கிறது. கண்ணாடிக் குழாய்க்குள் சூடேறிய இழையிலிருந்து இலத்திரன்கள் கிளம்பி, சுழலும் தங்குதன் என்ற உலோகத் தட்டில் மோதுகின்றன. மோதும் சக்தியில் நூற்றுக்கு ஒரு பங்கு அளவுதான் கதிராகிறது, மிச்சம் முழுக்க வெப்பம். சனம் நிறைந்த நாளில் சி.ரி. மெஷின் (உடம்பைச் சுற்றிச் சுற்றி எக்ஸ்ரே எடுக்கும் ஸ்கான்) இடையில் நின்று “குழாய் ஆறட்டும்” என்று காத்திருப்பது இதனால்தான். அதைப் பழுது என்று நினைத்து வரிசையில் நிற்பவர்கள் சண்டைக்குப் போவது வீண்.

படம் எடுப்பவர் இரண்டு அளவுகளை வைத்து விளையாடுகிறார். ஒன்று கிலோவோல்ற்று, கதிர் எவ்வளவு ஊடுருவும் என்பது. மற்றது கதிரின் தொகை. கை விரலுக்கு 50 கிலோவோல்ற்று போதும், நெஞ்சுக்கு 110 முதல் 120 வரை வேண்டும். கதிர் தடையில்லாமல் போகிற இடம் கறுப்பாக விழும், தடைப்படுகிற இடம் வெள்ளையாக விழும். காற்று கறுப்பு, கொழுப்பு கடும் சாம்பல், தசையும் இரத்தமும் நீரும் ஒரே சாம்பல், எலும்பு வெளிர், உலோகம் பளிச்சென்ற வெள்ளை. தசையும் இரத்தமும் நீரும் ஒரே நிறம் என்பதைக் கவனிக்க வேண்டும். தொண்டையில் மீன் முள் குத்தி வருகிறவருக்கு எக்ஸ்ரே எடுத்தும் முள் தெரியாமல் போவதுண்டு. எல்லா மீன் முள்ளிலும் கல்சியம் ஒரே அளவில் இல்லை. மெல்லிய முள்ளுக்கும் சுற்றியுள்ள தசைக்கும் வித்தியாசம் தெரியாது. படம் சுத்தமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, டொக்டர் மறுபடி தொண்டைக்குள் கமரா விட்டுப் பார்க்கச் சொன்னால் ஆச்சரியப்பட வேண்டாம்.

நெஞ்சு எக்ஸ்ரே

அன்றாடம் அதிகம் எடுக்கப்படுவது இதுதான், அதிகம் பிழையாகப் போவதும் இதுதான். நெஞ்சைத் தட்டோடு ஒட்டி நிற்கச் சொல்வார்கள், கதிர் முதுகுப் பக்கமிருந்து வரும். குழாய்க்கும் தட்டுக்கும் இடையில் 180 சென்றிமீற்றர். ஏன் இவ்வளவு தூரம்? இரவில் விளக்குக்கும் சுவருக்கும் நடுவில் கையை நீட்டிப் பாருங்கள். கை சுவரோடு ஒட்டியிருந்தால் நிழல் கையளவு, விளக்குக்குக் கிட்டப் போனால் நிழல் பூதமாகும். இதயம் நெஞ்சின் முன்பக்கத்தில் இருக்கிறது. நெஞ்சைத் தட்டில் ஒட்டி, குழாயைத் தூர வைத்தால்தான் அதன் நிழல் உண்மையான அளவுக்குக் கிட்ட விழும்.

வாட்டில் எழும்ப முடியாத நோயாளிக்கு உருளும் மெஷினைக் கொண்டுபோய் எடுக்கும்போது இந்த ஏற்பாடு தலைகீழ். தட்டு முதுகுக்கடியில், கதிர் முன்னாலிருந்து, தூரமோ 100 சென்றிமீற்றர் அளவுதான். இதயம் பெரிதாகத்தான் தெரியும். அந்தப் படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு “ஹார்ட் வீங்கியிருக்கு” என்று உறவினர்கள் கலங்குவது அடிக்கடி நடக்கிறது. அது எழும்பாத நோயாளியின் படம் என்பதை, பார்க்கிற டொக்டர் கணக்கில் எடுத்தே அளப்பார்.

தோள்களை முன்னால் உருட்டச் சொல்வது, தோள்பட்டை எலும்பு நுரையீரலுக்கு மேல் விழாமல் விலகுவதற்கு. மூச்சை ஆழமாக இழுத்துப் பிடிக்கச் சொல்வது நுரையீரல் விரிவதற்கு. நன்றாக இழுத்த படத்தில், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் உதரவிதானத்துக்கு மேலே பின்பக்க விலா எலும்புகள் ஒன்பது பத்து எண்ணலாம். ஏழுதான் எண்ண முடிகிறதென்றால் மூச்சு போதவில்லை. நுரையீரலின் அடிப்பகுதி நெருங்கி வெளுத்து, நிமோனியா போலக் காட்டும்.

இனிப் பின்னல். நீண்ட கூந்தலைப் பின்னித் தோளில் விட்டபடி நின்றால், பின்னலின் நிழல் நுரையீரலின் உச்சியில் விழும். காசநோய் முதலில் தேடப்படும் இடமும் அந்த உச்சிதான். நல்லெண்ணெயோ தேங்காயெண்ணெயோ தோய்ந்த பின்னல் இன்னும் அழுத்தமாக விழும். அதனால் தலைமுடியை உச்சியில் அள்ளிக் கொண்டை போட்டுவிட்டு நிற்பது எவ்வளவோ மேல். தாலிக்கொடி, கழுத்தில் கட்டிய தாயத்து, ஹிஜாபின் ஊசி, அபாயாவில் தைத்த மணிகள், ஜரிகை ரவிக்கை, உள்ளாடைக் கொக்கி எல்லாம் படத்தில் விழும். வயிற்றுப் படத்துக்கு அரைஞாண் கொடி. தாலியைக் கழற்ற மனமில்லாத அம்மாமார் நிறையப் பேர். நெஞ்சுப் படத்துக்குக் கழற்ற வேண்டியதில்லை, வாயில் கவ்விக்கொண்டோ கொடியைத் தாடைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டோ எடுக்கலாம். கேட்டால் வழி சொல்வார்கள்.

பிலிமிலிருந்து திரைக்கு

பழைய முறையில் கதிர் பட்ட பிலிமை இருட்டறையில் முதலில் டெவலப்பரில், பிறகு பிக்சரில், பிறகு தண்ணீரில் போட்டு, கடைசியில் உலர்த்த வேண்டும். கையால் கழுவினால் எல்லாம் முடிய அரை மணித்தியாலத்துக்கு மேல். பிறகு வந்த தானியங்கிக் கழுவி அதை ஒன்றரை நிமிடத்துக்குக் குறைத்தது, ஆனால் இரசாயனமும் சூடும் ஒழுங்காக இருக்க வேண்டும். டெவலப்பர் 34 பாகை அளவில் இருக்க வேண்டும். சூடு ஏறினால் படம் கறுக்கும், இறங்கினால் வெளுக்கும். மாரி மழையில் காற்று ஈரமாகி, பெட்டிக்குள் இருந்த பிலிமே மங்கலாகிப்போவது உண்டு. கிழக்குக் கரையில் பிலிமைக் காப்பாற்றுவதே ஒரு வேலை.

அதற்குப் பிறகு வந்தது சி.ஆர். எனப்படும் கொம்பியூட்டர் எக்ஸ்ரே. பெட்டி அதேதான், உள்ளே பிலிமுக்குப் பதிலாகப் பேரியம் சேர்ந்த ஒளிர்பொருள் பூசிய தட்டு. கதிர் பட்டால் அந்தத் தட்டு சக்தியைப் பிடித்து வைத்துக்கொள்ளும். வாசிக்கும் இயந்திரத்துக்குள் போட்டதும் ஒரு சிவப்பு லேசர் தட்டு நெடுகத் தடவிச் செல்லும். தடவிய இடமெல்லாம் நீல ஒளி வெளிவரும். அந்த ஒளியை எண்ணி எண்ணியே படம் பிறக்கிறது. ஒரு தட்டுக்கு ஒரு நிமிடம் அளவு. வாசித்து முடித்த தட்டைப் பலத்த வெளிச்சத்தில் கழுவி வெறுமையாக்க வேண்டும். சரியாக அழிக்காவிட்டால் முந்தைய நோயாளியின் முழங்கால் அடுத்தவரின் வயிற்றில் மெல்லிய பேய் நிழலாகத் தெரியும். ஓரிரு நாள் பாவிக்காமல் கிடந்த தட்டையும் அழித்துவிட்டே எடுக்க வேண்டும், சூழலில் உள்ள சிறு கதிரைக்கூட அது சேர்த்து வைத்திருக்கும். எடுத்த தட்டை மணிக்கணக்காக வாசிக்காமல் வைத்தாலோ, பிடித்த படம் தானே மங்கிக்கொண்டு போகும்.

இப்போது வருவது டி.ஆர். எனப்படும் நேரடி டிஜிட்டல் எக்ஸ்ரே. தட்டையான பலகை ஒன்று. அதன் மேலடுக்கிலுள்ள சீசியம் அயடைட்டு கதிரை ஒளியாக்கும். கீழடுக்கிலுள்ள சிலிக்கன் அந்த ஒளியை மின்னாக்கும். சில செக்கன்களில் படம் திரையில். நோயாளி நின்ற இடத்தை விட்டு நகர முன்னமே சரியா பிழையா என்று தெரிந்துவிடுகிறது. மறுபடி வரச் சொல்லி அனுப்பும் தொல்லை இல்லை. பலகை கீழே விழுந்தால் மட்டும் பிரிவே அழும். அதன் விலை அப்படி.

வேகம் கூடியதோடு ஒரு புதுப் பிழையும் வந்து சேர்ந்தது. பிலிம் காலத்தில் கதிர் கூடினால் படம் கறுத்துப்போகும், குறைந்தால் வெளுத்துப்போகும். எடுத்தவருக்குப் பிலிமே புத்தி சொன்னது. டிஜிட்டலில் கணினி எல்லாவற்றையும் சரிசெய்து அழகாக்கிவிடும். கதிர் குறைந்தால் படத்தில் மணல் தூவியது போல இரைச்சல் தெரியும், அதைக் கண்டு யாராவது குறை சொல்வார்கள். கதிர் தேவைக்கு இரண்டு மடங்கு போனாலோ படம் இன்னும் வழவழப்பாக வரும், யாரும் குறை சொல்லமாட்டார்கள். இப்படி மாதக்கணக்கில் அளவு மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போகும். அதனால்தான் ஒவ்வொரு டிஜிட்டல் படத்தோடும் தட்டில் பட்ட கதிரின் அளவைச் சொல்லும் ஒரு சுட்டெண் பதிவாகிறது. நல்ல பிரிவு அந்த எண்ணை மாதாமாதம் பார்க்கும். ஒரு பிரிவின் முன்னேற்றத்தை அளக்க மெஷின் விலையை விட இந்தப் பழக்கமே நல்ல அளவுகோல் என்பது எங்கள் எண்ணம்.

கதிர் எவ்வளவு என்ற கேள்விக்கு வருவோம். மண்ணிலிருந்தும் வானத்திலிருந்தும் சாப்பாட்டிலிருந்தும் ஒரு மனிதனுக்கு வருடத்துக்குக் கிடைக்கும் இயற்கைக் கதிர், உலக சராசரியில் 2.4 மில்லிசீவேட் (உடம்பில் படும் கதிரை அளக்கும் அலகு). ஒரு நெஞ்சு எக்ஸ்ரே 0.02, அதாவது மூன்று நாள் இயற்கைக் கதிர். தலைக்கு எடுக்கும் சி.ரி. 2 அளவு, வயிற்று சி.ரி. 8 அளவு. நெஞ்சுப் படத்துக்குப் பயப்படத் தேவையில்லை. வயிற்று சி.ரி.யை வெறும் மனத்திருப்திக்காகக் கேட்டு வாங்கவும் தேவையில்லை. மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் அதை எடுப்பவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும், பக்கத்தில் மாமியார் நின்றாலும்.

முன்பெல்லாம் கதிர் படாமல் இடுப்பில் ஈயத்துண்டு வைத்து மறைப்பார்கள். இப்போது சில இடங்களில் வைப்பதில்லை. அலட்சியம் என்று நினைக்க வேண்டாம். நோயாளிக்கு வழமையாக ஈயம் வைப்பதை நிறுத்தலாம் என்று அமெரிக்க மருத்துவ பௌதிகவியலாளர் சங்கம் 2019இல் சொன்னது. ஈயம் இடம் மாறி வேண்டிய பகுதியை மறைத்தால் மறுபடி எடுக்க வேண்டிவரும். கதிர் போதுமா என்று பார்க்கும் தானியங்கி அளவி ஈயத்தைக் கண்டு இன்னும் கூடிய கதிரை அனுப்பவும் கூடும். படம் எடுப்பவர் சுவருக்குப் பின்னால் போவதைக் கண்டு பயப்படுபவர்களும் உண்டு. உங்களுக்கு ஒரு படம், அவருக்கு நாளுக்கு எத்தனையோ பேர். அதனால்தான் அவர் கதிர் அளக்கும் சின்ன அட்டை ஒன்றைச் சட்டையில் குத்தியிருக்கிறார்.

சி.ரி.: எண்களால் ஆன படம்

நிழலில் முன்னதும் பின்னதும் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து குழம்பும். சி.ரி. அந்தக் குழப்பத்தைத் தீர்த்தது. குழாய் உடம்பைச் சுற்றி வந்து எல்லாக் கோணத்திலும் அளக்கிறது. கணினி அதை, வாழைத்தண்டை வட்டம் வட்டமாக அரிந்தது போல வெட்டுகளாக்கித் தருகிறது. முதல் நோயாளிக்கு இலண்டனில் எடுத்தது 1971 ஒக்டோபர் 1. அதைச் செய்த ஹவுன்ஸ்பீல்டுக்கும் கணக்கைக் கண்ட கோமாக்குக்கும் 1979இல் நொபெல் பரிசு கிடைத்தது. அன்றைக்கு ஒரு வெட்டுக்கே நிமிடக்கணக்கு. இன்றைக்குக் குழாய் ஒரு சுற்றுச் சுற்ற ஒரு செக்கன்கூட ஆவதில்லை, தலை முழுவதும் சில செக்கன்களில் முடிந்துவிடும்.

சி.ரி. படத்தில் ஒவ்வொரு புள்ளியும் ஓர் எண். தண்ணீர் 0, காற்று சய 1000, கொழுப்பு சய 100 அளவு, மூளை 30 முதல் 40, புதிதாகக் கசிந்த இரத்தம் 60 முதல் 80, அடர்ந்த எலும்பு 1000. மனிதக் கண்ணால் இத்தனை சாம்பலையும் பிரித்துப் பார்க்க முடியாது. அதனால் பார்க்கிறவர் ஒரு சாளரம் திறக்கிறார். மூளைக்கு 40ஐ நடுவாக வைத்து 80 எண் அகலம் மட்டும். அந்தச் சாளரத்தில் மூளைக்கும் இரத்தத்துக்கும் வித்தியாசம் பளிச்சென்று தெரியும், எலும்பு முழுக்க வெள்ளை. எலும்பு முறிவு தேடும்போது வேறு, மிக அகன்ற சாளரம். படம் ஒன்றுதான், திறக்கிற சாளரம்தான் வேறு. வெளிச்சத்தில் பிடித்த சி.ரி. பிலிமைக் கைத்தொலைபேசியில் படம் பிடித்து, கொழும்பிலுள்ள தெரிந்த டொக்டருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பினால் அவர் ஏன் தயங்குகிறார் என்பது இப்போது விளங்கும். அவரிடம் போவது யாரோ திறந்துவைத்த ஒரு சாளரம் மட்டுமே. எண்கள் போகவில்லை.

பாரிசவாதத்தில் சி.ரி.யின் பெறுமதி தெரியும். வவுணதீவுப் பக்கம் வயலில் நின்றவருக்கு வாய் கோணி, ஒரு கை விழுந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். இரத்தக்குழாய் அடைத்தாலும் இதுதான் நடக்கும், இரத்தக்குழாய் வெடித்தாலும் இதுதான் நடக்கும். வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. மருந்தோ நேரெதிர். அடைப்பைக் கரைக்கும் ஊசியை வெடித்தவருக்குப் போட்டால் உயிருக்கே ஆபத்து. அதனால் முதலில் சாயம் ஏற்றாத தலை சி.ரி. இரத்தம் கசிந்திருந்தால் வெள்ளையாகத் தெரியும். அடைப்பு என்றால் முதல் சில மணித்தியாலத்தில் படம் சாதாரணமாகவே இருக்கக்கூடும். “ஸ்கானில ஒண்டும் இல்லையாம்” என்று வீட்டுக்கு ஃபோன் எடுத்துச் சொல்வது அதனால் பிழை. ஒன்றும் தெரியாதது என்றால் இரத்தக் கசிவு இல்லை என்று பொருள், அதுவே கரைக்கும் ஊசிக்கு வழி திறக்கிற செய்தி. அந்த ஊசிக்கு நேரக்கெடு நாலரை மணித்தியாலம், கடைசியாக ஆள் நன்றாக இருந்த நேரத்திலிருந்து. கூட்டிக்கொண்டு போகிறவர் கையில் இருக்க வேண்டிய மிகப் பெரிய தகவல் அந்த நேரம்தான். “காலையில எழும்பேக்க நல்லாத்தான் இருந்தார்” என்றால் போதாது. ஏழு மணிக்குத் தேத்தண்ணி குடித்தார், எட்டேகாலுக்குப் பேச்சு குளறியது என்று சொல்ல வேண்டும். கொண்டை ஊசி, காதணி, கழற்றும் பற்கட்டு எல்லாவற்றையும் வழியிலேயே கழற்றி வைத்தால் சில நிமிடம் மிச்சம். மட்டக்களப்பு நகருக்குப் போகும் வழியிலுள்ள வலையிறவுப் பாலம் தாண்ட முன்னம் அதைச் செய்துவிடலாம்.

வேறு சில சி.ரி.களுக்கு, படத்தில் இரத்தக்குழாய் எடுப்பாகத் தெரிவதற்காக நரம்பில் அயடின் சாயம் ஏற்றுவார்கள். பெரியவருக்கு 50 முதல் 100 மில்லிலீற்றர். இயந்திரம் செக்கனுக்கு 3, 4 மில்லிலீற்றர் வேகத்தில் தள்ளும். அதனால்தான் முழங்கை மடிப்பில் சற்றுத் தடித்த ஊசிக்குழாய் வைக்கிறார்கள். புறங்கையில் வாட்டில் போட்ட மெல்லிய குழாய் அந்த வேகத்தைத் தாங்காது, வெளியே கசிந்து கை வீங்கும். சாயம் ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும், சிறுநீர் போனது போலத் தோன்றும், வாயில் இரும்பு ருசி. ஒரு நிமிடத்தில் அடங்கும். ஆனால் ஊசி ஏறிய இடத்தில் எரிந்து வலித்தால் உடனே குரல் கொடுக்க வேண்டும்.

சாயம் ஏற்ற முன் சிறுநீரகத்தின் கிரியற்றினின் இரத்தப் பரிசோதனை கேட்பார்கள். நீரிழிவுக்கு மெற்போமின் குடிப்பவர்கள் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். சிறுநீரகம் நலிந்தவருக்கு அதைச் சில நாள் நிறுத்தச் சொல்வார்கள். “எனக்கு இறால், நண்டு ஒத்துக்காது, அதனால் அயடினும் ஒத்துக்காது” என்பது எங்கள் கரையில் பரவலான நம்பிக்கை. சரியில்லை. இறாலில் தடிப்பைக் கிளப்புவது அதிலுள்ள ஒரு புரதம், அயடின் இல்லை. முன்பு இதே சாயத்தால் உடம்பு தடித்தது, மூச்சு முட்டியது என்றால் அது வேறு விசயம், அதை மறைக்கக்கூடாது.

கதிர் இல்லாத இரண்டு

ஸ்கான் என்று நாம் பொதுவாகச் சொல்கிற அல்ட்ராசவுண்டில் கதிரே இல்லை, ஒலிதான். தோலுக்கும் கருவிக்கும் இடையில் காற்று இருந்தால் ஒலி திரும்பிவிடும், அந்தக் குளிர் ஜெல் அதற்காகத்தான். பித்தப்பை பார்க்க ஆறு மணித்தியாலம் சாப்பிடாமல் வர வேண்டும். சாப்பிட்டால் பித்தப்பை சுருங்கிவிடும், உள்ளே கல் இருந்தாலும் தெரியாமல் போகலாம். பால் தேத்தண்ணியும் சாப்பாடுதான். அடிவயிறு பார்க்க மட்டும் நேர்மாறாக, ஒரு மணித்தியாலம் முன்பே நாலைந்து கிளாஸ் தண்ணீர் குடித்துச் சலப்பையை நிரப்ப வேண்டும். நிறைந்த சலப்பை குடலைத் தள்ளிவிட்டு, ஒலிக்கு ஒரு ஜன்னல் ஆகிறது. டெங்கு வாட்டில் இதே கருவி, பித்தப்பைச் சுவர் தடித்திருக்கிறதா, நெஞ்சறையிலும் வயிற்றிலும் நீர் கசிகிறதா என்று பார்க்க ஓடிக்கொண்டிருக்கும்.

எம்.ஆர்.ஐ. என்பது காந்தம். பெரும்பாலும் 1.5 டெஸ்லா, பூமியின் காந்தப்புலத்தை விட முப்பதாயிரம் மடங்குக்கு மேல். மெஷின் ஓடாத நேரத்திலும், ராத்திரியிலும், கறண்ட் போனாலும் அந்தக் காந்தம் வேலை செய்துகொண்டேயிருக்கும். சய 269 பாகையில் உள்ள திரவ ஹீலியத்துக்குள் கிடக்கும் சுருளில் மின் நிற்காமல் சுற்றுகிறது. ஒட்சிசன் சிலிண்டரோ சக்கர நாற்காலியோ வாசலைத் தாண்டினால் எறிந்த கல் போலப் பறக்கும். கேள்விகள் நிறையக் கேட்பார்கள். பேஸ்மேக்கர் உண்டா, மூளையில் கிளிப் உண்டா, உடம்பில் குண்டுச் சிதறல் உண்டா? இந்தக் கடைசிக் கேள்வி எங்கள் மாவட்டங்களில் சும்மா கேட்கப்படுவதில்லை. பழைய யுத்தக் காயத்தின் இரும்புத் துண்டு காலில் இருக்கலாம், ஆளுக்கே மறந்துபோயிருக்கலாம். ஒட்டுவேலை, கடைச்சல் வேலை செய்பவரின் கண்ணுக்குள் இரும்புப் பொடி இருக்கலாம். அவர்களுக்கு முதலில் கண்ணுக்கு ஓர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டே உள்ளே விடுவார்கள். படம் எடுக்க 20 முதல் 45 நிமிடம், சத்தம் தவில் கச்சேரி. காதடைப்பான் தருவார்கள், கேட்டு வாங்குங்கள்.

படம் பயணம் செய்வது

இருட்டறை மூடப்பட்டதன் முழுப் பலனும் இங்கேதான். பிலிம் ஒன்றே ஒன்று. அது வாட்டில் இருந்தால் கிளினிக்கில் இல்லை, கிளினிக்கில் இருந்தால் வீட்டில் இல்லை. டிஜிட்டல் படம் டைகொம் எனப்படும் ஒரே மொழியில் எழுதப்படுவதால், எந்தக் கம்பனி மெஷின் எடுத்ததையும் எந்தத் திரையும் வாசிக்கும். வலையமைப்பு இருந்தால் அம்பாறையில் எடுத்ததை வேறொரு ஊரிலுள்ள நிபுணர் எண்களோடேயே பார்க்கலாம், தன் சாளரத்தைத் தானே திறக்கலாம். ஒரு சி.ரி. வெட்டு அரை மெகாபைற்று, ஒரு வயிற்று ஸ்கானில் ஐந்நூறு ஆயிரம் வெட்டு வரும். அதனால் இணைப்பு பலமாக இருக்க வேண்டும், சேமிப்பும் பெரிதாக இருக்க வேண்டும். அடிக்கடி நடக்கும் பிழை தொழில்நுட்பத்தில் இல்லை, பெயரில். ஒரே பெயரில் மூவர், அவசரத்தில் எழுதிய பிறந்த திகதி. படம் வேறொருவர் கோப்பில் போய் உட்காரும். படம் எடுக்க முன் உங்கள் பெயரை மறுபடி மறுபடி கேட்பது அதற்குத்தான்.

நெஞ்சு எக்ஸ்ரேயில் காசநோயைத் தேட, 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்குக் கணினி வாசிப்பைப் பயன்படுத்தலாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2021இல் சொன்னது. அது சந்தேகப் படங்களைப் பிரித்து வைக்கும் வேலை. அதை மட்டும் வைத்து நோய் என்று முடிவு கட்டுவதில்லை, வழமையாகச் சளிப் பரிசோதனையும் செய்வார்கள். பின்னலின் நிழலைக் கண்டும் அது சந்தேகப்படும்.

கையில் கிடைக்கிற பிலிமைப் பற்றி ஒரு சொல். இப்போது தருவது கழுவிய பிலிம் இல்லை, பெரும்பாலும் சூட்டினால் அச்சடித்தது. சூட்டில் பிறந்த படத்தைச் சூடே கெடுக்கும். சித்திரை வெயிலில் வானின் முன்கண்ணாடியோரம் வைத்தாலோ, தகரக் கூரைக்குக் கீழே அலுமாரி உச்சியில் மாதக்கணக்கில் கிடந்தாலோ அது கறுத்துப்போகும். சுருட்டாமல், மடிக்காமல், இரண்டு அட்டைக்கு நடுவில் வைத்து, கிளினிக் கொப்பியோடு அலுமாரியின் கீழ்த்தட்டில் வையுங்கள். சீ.டி. தந்திருந்தால் அதையும் அதோடேயே. அடுத்த முறை போகும்போது புதுப் படத்தோடு பழைய படத்தையும் கொண்டுபோங்கள். நுரையீரலில் ஒரு சின்னப் புள்ளி மூன்று வருடமாக அப்படியே இருக்கிறதா, இந்த வருடம்தான் வந்ததா என்பதைப் பழைய படத்தோடு ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும்.